அரியணை மகனுக்கா, மச்சானுக்கா?

கேள்வி: 2 மார்ச் 2025

ஐயா, நான் உயர்தரத்துக்கு வரலாறு படிக்கிறேன். 1815 இல் கண்டி இராச்சியத்தைப் பிரித்தானியரிடம் கொடுத்த கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் இன்று என்று வகுப்பில் பேச்சு வந்தது. என் கருத்து இது. அரச குடும்பம் என்றால் தகப்பன், மகன், பேரன். இரத்தம்தான் அதிகாரத்தைத் தாங்குகிறது. கண்டியில் 1739 முதல் 1815 வரை இராணியின் உறவினர்கள் ஆண்டது முறையான ஆட்சியே அல்ல. விருந்துக்கு வந்தவர்கள் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்ட கதை அது. தவறென்றால் சொல்லுங்கள்.

2 மார்ச், இரவு

தவறு, தம்பி. சாவியை யாரும் எடுக்கவில்லை, கொடுத்தார்கள். யார் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கண்டி அரசன் நரேந்திரசிங்கன் 1739 இல் இறந்தபோது பட்டத்து இராணியின் வயிற்றில் பிள்ளை இல்லை. ஆனால் அவனுக்கு மகன் இருந்தான். உனம்புவே பண்டார என்று பெயர். தாய் கண்டிப் பிரபு குடும்பத்துப் பெண், அரச குலத்தவள் அல்ல. நீங்கள் சொல்லும் இரத்தம் அவனிடம் இருந்தது, அவன் பக்கம் நின்றவர்களும் இருந்தார்கள். அப்படியிருந்தும் அவனைத் தள்ளிவிட்டு, மதுரையிலிருந்து வந்த இராணியின் சகோதரனை ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்று முடிசூட்டினார்கள்.

வெளியில் சொன்ன காரணம் குலம். தாய்வழியிலும் அரச குலம் வேண்டும் என்றார்கள். நான் இதைப் பல ஆண்டுகள் அப்படியே நம்பியிருந்தேன். இப்போது வேறு விதமாகப் பார்க்கிறேன். உனம்புவே அரசனாகியிருந்தால் அவனுடைய தாய்மாமன்மார் ஒரே இரவில் மற்றப் பிரபுக்கள் எல்லோருக்கும் மேலே ஏறியிருப்பார்கள். நேற்றுவரை தன்னோடு வரப்புச் சண்டை பிடித்தவன் நாளை அரசனின் மாமன். அதை எந்தப் பிரபு பொறுப்பான்? மதுரையிலிருந்து வந்தவனுக்கோ ஊரில் மாமனும் இல்லை, மச்சானும் இல்லை, பரம்பரைக் காணியும் இல்லை. அவன் காலில் விழுவதில் எவருக்கும் மானக்கேடு இருக்கவில்லை. அயல்வீட்டுக்காரன் காலில் விழுவதுதான் முடியாத காரியம்.

1747 இலும் அதேதான் நடந்தது. மீண்டும் இராணியின் சகோதரன், இந்த முறை கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். 35 ஆண்டுகள் ஆண்டான். தான் அந்நியன் என்பதை அவன் ஒரு நாளும் மறக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. புத்தரின் புனிதப் பல்லான தலதாவைக் கையில் வைத்திருப்பவனே அரசன் என்ற ஊர் நம்பிக்கையை உறுதியாகப் பிடித்துக்கொண்டான். அற்றுப்போயிருந்த உபசம்பதாவை, அதாவது பிக்குகளின் முழுத் துறவுச் சடங்கை, மீட்கச் சியாம் தேசத்திலிருந்து (இன்றைய தாய்லாந்து) பிக்குகளை வரவழைத்தான். 1753 இல் அது நடந்தது, சியாம் நிகாயம் என்ற இன்றைய பிக்குப் பிரிவின் தொடக்கம் அது. அப்படியிருந்தும் 1760 இல் அவனைக் கொன்றுவிட்டுச் சியாம் இளவரசன் ஒருவனை வைக்கச் சதி செய்தார்கள். கவனியுங்கள், அப்போதும் சதிகாரர்கள் தங்களுக்குள் ஒருவனைத் தேர்ந்துகொள்ளவில்லை. இன்னொரு அந்நியனைத்தான் தேடினார்கள்.

3 மார்ச், மதியம்

கொழும்பில் இருப்பவர்கள் இரண்டு இடங்களைப் போய்ப் பாருங்கள். ஒன்று தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் கண்டி அரியணை. 1693 இல் ஒல்லாந்தத் தேசாதிபதி இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்த பரிசு அது. 1815 இல் இங்கிலாந்துக்குப் போய் 1934 இல் திரும்பி வந்தது. அரியணையே அந்நியர் கொடுத்த சாமான், அதில் அந்நியன் உட்கார்ந்தால் மட்டும் உங்களுக்கு ஏன் உறுத்த வேண்டும்?

மற்றது கோட்டையில், ஜனாதிபதி மாவத்தையில், ஓர் உயர்ந்த கட்டடத்தின் வளவுக்குள் இருக்கும் சிறிய அறை. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை அடைத்துவைத்த இடம் அது. நான் முதன்முதல் போனபோது எனக்கு வயது 19. தலையைக் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசாமல் நின்றேன்.

3 மார்ச், இரவு

மேலே எழுதியதைத் திருத்த வேண்டும். "அடைத்துவைத்த இடம்" என்று உறுதியாக எழுதிவிட்டேன். பெயர்ப்பலகை அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அக்காலத்துப் பிரித்தானியர் எழுதிவைத்த குறிப்புகளின்படி, கோட்டைக்குள் அவனுக்கென்று ஒழுங்குசெய்த ஒரு வீட்டில், அறைகள் அலங்கரித்து, மரியாதையாகவே வைத்திருந்தார்கள். 1816 ஜனவரியில் கப்பலேற்றி வேலூருக்கு அனுப்பும்வரை அங்கேதான் இருந்தான். அந்தச் சிற்றறை காவலாளியின் அறையாக இருந்திருக்கலாம். 19 வயதில் நான் பட்ட துக்கம் பொய்யல்ல, இடம் மட்டும் தவறாக இருக்கக்கூடும்.

5 மார்ச்

"சோழரைப் பாருங்கள், 400 ஆண்டுகள் தகப்பனுக்குப் பின் மகன்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி.

சோழர் ஒரு நல்ல வேலை செய்தார்கள். தகப்பன் உயிரோடு இருக்கும்போதே மகனுக்கு இளவரசுப் பட்டம் கட்டி, மெய்க்கீர்த்தியில் பெயரை ஏற்றி, படையை அவன் பின்னால் அனுப்பிவிடுவார்கள். இராசராசன் 1014 இல் இறந்தான், இராசேந்திரனுக்கு 1012 இலேயே பட்டம். இராசேந்திரன் 1018 இல் இராசாதிராசனுக்குக் கட்டினான். அரசன் இறந்த அன்று "அடுத்தவர் யார்" என்ற கேள்வியே எழாது. 1054 இல் கொப்பத்துப் போரில் இராசாதிராசன் யானைமேல் செத்தபோது, தம்பி இரண்டாம் இராசேந்திரன் அந்தக் களத்திலேயே முடிசூடிப் போரை வென்றான்.

ஆனால் 1070 இல் என்ன ஆயிற்று? அதிராசேந்திரன் சில மாதங்களில் போய்விட, வேங்கியிலிருந்து குலோத்துங்கன் வந்து உட்கார்ந்தான். தகப்பன் வழியில் அவன் கீழைச் சாளுக்கியன். தாய் அம்மங்கை, இராசேந்திரன் மகள். தகப்பனைப் பெற்றவள் குந்தவை, இராசராசன் மகள். இரண்டு தலைமுறையாக வேங்கிக்குப் பெண் கொடுத்ததன் பலன், நேர் வழி அறுந்த அன்று பெண்வழியில் ஓர் அரசன் தயாராக இருந்தான். அதற்குப் பின் சோழர் பெயர் இன்னும் 200 ஆண்டுகள் நின்றது. நீங்கள் எண்ணும் அந்த 400 ஆண்டில் பாதி மகள் வயிற்றுப் பேரனுடையது.

6 மார்ச்

மகன்தான் வாரிசு என்பது இயற்கை விதி அல்ல. திருவிதாங்கூரில் மருமக்கள்தாயம். அங்கே அரசனுக்குப் பின் சகோதரியின் மகன். 1729 இல் மார்த்தாண்டவர்மன் மாமனுக்குப் பின் வந்தபோது, அந்த மாமனின் மக்கள் இருவர் அரசைக் கேட்டார்கள். அவர்களைக் கொன்றுவிட்டான். அங்கே மகன் கேட்டால் அது துரோகம்.

துருக்கியில் என்ன வழக்கம் என்று கேட்ட நண்பருக்குச் சுருக்கமாக: அங்கே ஆண்ட ஓட்டோமான் வீட்டில் எல்லா மகன்களுக்கும் உரிமை இருந்தது, ஆகவே வென்றவன் மற்றவர்களைக் கொன்றான். 1595 இல் மூன்றாம் மெகமது தன் சகோதரர் 19 பேரைக் கொல்லச் செய்தான். அடுத்து வந்த முதலாம் அகமது தம்பியை உயிரோடு விட்டான். 1617 இல் அந்தத் தம்பியே அரசன். இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த 19 பேரில் கைக்குழந்தைகள் இருந்தார்கள் என்பதை என்னால் தாண்டிப் போக முடிவதில்லை.

9 மார்ச்

பெண்வழி வாரிசைப் பற்றி நான் மிக இனிப்பாக எழுதிவிட்டேன் என்று மட்டக்களப்பிலிருந்து ஒரு சகோதரி கடிந்திருக்கிறார். அவர் கேட்டது கொழும்புக்குப் பக்கத்தில் இருந்த கோட்டே அரசைப் பற்றி. நியாயமான கேள்வி. இரண்டு நாட்கள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோட்டேயில் மகள் வயிற்றுப் பேரனுக்கு இரண்டு முறை முடி போயிற்று, இரண்டு முறையும் வீடு இடிந்தது. ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகன் சப்புமல் குமாரயா, நாங்கள் செண்பகப்பெருமாள் என்போம், 1450 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக்கொடுத்தவன். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கட்டியத்தில் இன்றும் புவனேகபாகு என்று அவன் பெயர் சொல்கிறார்கள். கிழவர் 1467 இல் கண்ணை மூடியதும் முடி மகளின் மகன் ஜயபாகுவுக்குப் போனது. செண்பகப்பெருமாள் வடக்கிலிருந்து படையோடு வந்து அவனைக் கொன்று தானே சூடிக்கொண்டான்.

இரண்டாவது கதைதான் எனக்கு வலிப்பது. 1521 இல் ஆறாம் விஜயபாகு இளைய தாரத்தின் பிள்ளைக்குப் பட்டம் கட்டப்போகிறான் என்று அறிந்து, மூத்த தாரத்து மக்கள் மூவரும் தகப்பனைக் கொல்லச் செய்து நாட்டை மூன்றாகப் பங்கு போட்டார்கள். கோட்டே ஏழாம் புவனேகபாகுவுக்கு, சீதாவாக்கை மாயாதுன்னைக்கு, றைகமை மூன்றாமவனுக்கு. புவனேகபாகுவுக்கு மகள் சமுத்திரதேவி. அவளுடைய மகன் தர்மபாலவுக்கே அரசு என்று அவன் தீர்மானித்தான். தம்பி மாயாதுன்னை ஒப்பவில்லை. இந்த இடத்தில்தான் புவனேகபாகு செய்யக்கூடாததைச் செய்தான். பேரனின் உருவத்தைப் பொன்னில் வார்த்து லிஸ்பனுக்கு அனுப்பினான். 1543 இல் போர்த்துக்கல் அரசன் அந்தப் பொற்சிலைக்கு முடிசூட்டினான்.

வீட்டுச் சண்டையைத் தீர்க்க வெளியில் ஒருவனைப் பிணை நிற்கக் கேட்டான். பிணை நின்றவன் சும்மா நிற்பானா? 1551 இல் களனியில் போர்த்துக்கேயச் சிப்பாய் ஒருவனின் வெடிபட்டுக் கிழவன் செத்தான். 1557 இல் பேரன் ஞானஸ்நானம் பெற்றான். 1565 இல் கோட்டேயைக் கைவிட்டு அவனைக் கொழும்புக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். 1580 இல் நாடு முழுவதையும் போர்த்துக்கல் அரசனுக்கு நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுத்தான். உறுதி, தம்பி. காணி எழுதுவதுபோல. 1597 இல் இதே கொழும்பில் இறந்தான்.

9 மார்ச், பின்னேரம்

யாழ்ப்பாணமும் அதே வழிதான். 1591 இல் புவிராச பண்டாரத்தைக் கொன்று எதிர்மன்னசிங்கனை அரசனாக வைத்தவர்கள் போர்த்துக்கேயர். அவன் 1617 இல் இறந்தபோது மகன் பாலன். சங்கிலி குமாரன் புகுந்தான். 1619 இல் போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேறா வந்து அவனைப் பிடித்தான், கோவாவில் தலை போயிற்று. நல்லூரில் அரச வீட்டின் மிச்சமாக ஒரு தோரண வாயிலும் குளமும் மட்டுமே இருக்கின்றன. சிறுவயதில் அந்தக் குளத்தங்கரையில் விளையாடியிருக்கிறேன்.

12 மார்ச், அதிகாலை

தூக்கம் வரவில்லை. உறுதி என்று எழுதியபோதே இது நெஞ்சில் வந்து நின்றது. எழுதிவிடுகிறேன்.

அப்பப்பாவுக்குப் புறக்கோட்டையில் பித்தளைப் பாத்திரக் கடை இருந்தது. இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவிகள், இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். ஒன்று அப்பப்பாவின் இடுப்பில். மற்றது மூத்த மகனிடம் அல்ல, மூன்று மகன்மாரில் எவரிடமும் அல்ல. அப்பம்மாவின் தம்பியிடம் இருந்தது. அவர் கடையில் கணக்கு எழுதுபவர், கடையில் ஒரு சதப் பங்கும் இல்லாதவர். பெரியப்பாவுக்கு இது பெரிய மனக்குறை. "மச்சானை நம்புகிறார், மகனை நம்பவில்லை" என்று சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு சொல்வாராம்.

அப்பப்பா 1972 இல் போனார். கடை உடையும் என்று தெரு முழுவதும் எதிர்பார்த்தது. உடையவில்லை. பங்கில்லாத அந்த மனிதர் ஐந்து ஆண்டுகள் மேசையில் உட்கார்ந்து, மாதக் கடைசியில் மூன்று மருமகன்மாரையும் கூப்பிட்டு, ஒரே அளவில் மூன்று உறைகளை வைப்பார். அவர் சொன்னதை மூவரும் கேட்டார்கள். ஒருவனுக்கு இன்னொருவன் அடங்க வேண்டியிருக்கவில்லை, மாமனுக்குத்தான் அடங்கினார்கள். அப்பா அந்த உறையைக் கொண்டுவந்து சுவாமித் தட்டில் வைத்தது எனக்கு நினைவிருக்கிறது.

மாமா இறந்த ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. நடுப் பெரியப்பா தன் பங்கை உறுதிப்படுத்த வட்டிக்குக் கொடுக்கும் ஒருவரைக் கூட்டிவந்து, நொத்தாரிசு முன்னால் கையெழுத்து வைத்தார். தமையனுக்கு எதிராக ஒரு பலம் வேண்டும் என்றுதான் செய்தார், கடையை விற்க அல்ல. இரண்டு ஆண்டுகளில் கடை அந்த வெளியாரிடம் போயிற்று. 1983 ஜூலையில் அந்தத் தெரு எரிந்தபோது அது எங்கள் கடையாக இருக்கவில்லை. அப்பா அன்றும் அழுதார்.

தர்மபாலவின் உறுதியைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு நடுப் பெரியப்பாவின் கைதான் தெரிகிறது.

13 மார்ச்

ஆறுதல் எழுதியவர்களுக்கு நன்றி. "அரசர் காலம் போய்விட்டது, இப்போது வாக்கு" என்று ஒருவர் முடித்திருக்கிறார். அதற்கு வருகிறேன்.

1952 மார்ச்சில் டி. எஸ். சேனநாயக்க காலிமுகத்திடலில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். பிரதமர் பதவி மகன் டட்லிக்கு. அடுத்த ஆண்டு உறவினர் சேர் ஜோன் கொத்தலாவலைக்கு. எந்த வழி உறவு? டி. எஸ். இன் தமையன் எப். ஆர். சேனநாயக்க, கொத்தலாவலையின் தகப்பன், ஜே. ஆர். ஜயவர்தனவுடைய தகப்பனின் சகோதரர் ஆகிய மூவரும் அத்திகல என்ற ஒரே வீட்டில் மூன்று சகோதரிகளைக் கட்டியவர்கள். ஆண்களின் பெயர்களை மட்டும் பார்த்தால் மூன்று குடும்பங்கள். பெண்களைப் பார்த்தால் ஒரே முற்றம்.

1959 செப்டெம்பரில் பிரதமர் பண்டாரநாயக்க சுடப்பட்டு இறந்தார். கட்சிக்குள் அடிபிடி, தலைவர்கள் ஒருவரை ஒருவர் ஏற்கவில்லை. 1960 இல் எல்லோரும் ஏற்ற ஒரே ஆள், அதுவரை பாராளுமன்றத்தில் இருந்திராத விதவை சிறிமாவோ. இந்தியாவில் 1998 இல் காங்கிரஸ் கட்சி இத்தாலியில் பிறந்த மருமகளைத் தலைவியாக்கியது. இப்போது முதற் குறிப்புக்குத் திரும்பிப் போய் 1739 ஐப் படியுங்கள். எனக்கு இரண்டும் ஒரே காட்சியாகத்தான் தெரிகின்றன. பக்கத்து நாற்காலிக்காரன் மேலே ஏறுவதைவிட வீட்டுக்கு வந்த பெண் ஏறட்டும் என்று பிரபுக்கள் நினைக்கிறார்கள்.

13 மார்ச், இரவு

2022 ஐ ஏன் விட்டேன் என்று மூவர் கேட்டுவிட்டீர்கள். விடவில்லை, எழுதத் தயங்கினேன். 2021 ஜூலைக்குப் பின் ராஜபக்ஷ என்ற ஒரே வீட்டில் சனாதிபதி, பிரதமர், நிதியமைச்சர் ஆகிய மூவரும் சகோதரர்கள். அமைச்சரவையில் இன்னொரு சகோதரரும் ஒரு மகனும். கீர்த்தி ஸ்ரீ இப்படிச் செய்திருக்க மாட்டான். தன் உறவினரைக் கண்டியில் ஒரு வீதியில் குடிவைத்தான், ஆனால் அதிகார் (முதலமைச்சர்) பதவிகளும் திசாவை (மாகாண ஆளுநர்) பதவிகளும் ஊர்ப் பிரபுக்களிடம்தான் இருந்தன. பிரபுவுக்கு ஒன்றும் மிஞ்சாவிட்டால் அவன் எதற்காகத் தாங்க வேண்டும்?

ஆனால் குடும்பம் என்பதால் மட்டும் விழுந்தார்கள் என்று எழுதினால் அது பொய். டொலர் இருக்கவில்லை, எரிவாயு இருக்கவில்லை. வெள்ளவத்தையில் வெற்று எரிவாயு உருளையோடு இரவு இரண்டு மணிக்கு வரிசையில் நின்றவன் நான். எனக்கு முன்னால் நின்ற மனிதர் பரம்பரையைப் பற்றிப் பேசவில்லை, பிள்ளைக்குப் பால் காய்ச்ச வேண்டும் என்றார். 2022 ஜூலை 9 இல் சனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்தது.

14 மார்ச்

"சிங்களத் தலைவர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள், எங்களவர் என்ன?" நல்ல கேள்வி. சட்டநிரூபண சபையில் தமிழருக்கென்று இருந்த ஆசனத்தைப் பாருங்கள். 1835 இல் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி. பின்னர் அவர் மகன் சேர் முத்து குமாரசுவாமி. 1879 இல் முத்து குமாரசுவாமி இறந்ததும் அவருடைய சகோதரியின் மகன் பொன்னம்பலம் இராமநாதன். 1893 இல் இராமநாதனின் தமையன். முத்து குமாரசுவாமிக்கு மகன் இல்லையா? இருந்தார். அப்போது இரண்டு வயதும் நிரம்பாத குழந்தை, பெயர் ஆனந்தக் குமாரசுவாமி. ஆசனம் மாமனிடமிருந்து மருமகனுக்குப் போயிற்று, மகன் கலை ஆராய்ச்சிக்குப் போனார். இராமநாதன்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் முத்து குமாரசுவாமி முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு வீட்டையே சுற்றிச் சுற்றி நியமித்தது எங்கள் மற்ற வீடுகளின் பிள்ளைகளுக்கு நல்லதல்ல என்று நினைக்கிறேன்.

16 மார்ச்

தம்பி மீண்டும் எழுதியிருக்கிறார்: "கொடுத்தார்கள் என்றீர்கள் ஐயா, பிறகு ஏன் 1815 இல் அவர்களே பிடுங்கினார்கள்?" இதற்கு என் முதற் குறிப்பிலேயே ஒரு திருத்தம் வேண்டும். 1739 இல் பிரபுக்கள் பலர் சேர்ந்து கொடுத்தார்கள். 1798 இல் அப்படியல்ல. அப்போது இராணியின் சகோதரன் முத்துசாமி இருந்தான். வழக்கப்படி அவனுக்குத்தான். பிலிமத்தலாவை என்ற ஒரே அதிகார், சொல்வதைக் கேட்பான் என்று எண்ணிப் பதினெட்டு வயதுக் கண்ணுசாமியை எடுத்து ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஆக்கினான். ஒருவன் மட்டும் கொடுத்த முடி அது. முத்துசாமி பிரித்தானியரிடம் ஓடினான். 1803 இல் அவர்கள் அவனைக் கண்டியில் உட்கார வைத்தார்கள், அதே ஆண்டில் கொல்லப்பட்டான். கண்ணுசாமி பிலிமத்தலாவையைக் கொன்றான், பின்னர் இன்னொரு அதிகாரான எகலப்பொலவின் குடும்பத்தைக் கொன்றான். அதற்குப் பின் பிரபுக்களுக்குள் இருந்த பொறாமையைவிட அவன்மேல் இருந்த பயம் பெரிதாகிவிட்டது. 1815 பெப்ரவரி 18 இல் மெதமகாநுவரவில் பிடிபட்டான்.

உங்கள் ஆசிரியரிடம் ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவைக் காட்டுங்கள். அரசனின் ஆண் உறவினர் எவரும் பிரித்தானியரின் எழுத்து அனுமதி இல்லாமல் கண்டி மாகாணங்களுக்குள் காலடி வைக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறது. "உறவினர்" என்பதோடு நிறுத்தவில்லை. மணவழி உறவாயினும் இரத்தவழி உறவாயினும் என்று இரண்டையும் சேர்த்தே எழுதினார்கள். அடுத்த அரசன் எந்த வாசலால் வருவான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.